மிதவையில் குத்தியிருந்த பல்

சங்கு வந்தால் ஆராய்ச்சிக்கூடத்துக்கே தெரிந்துவிடும். அவனுக்குக் குரலைத் தாழ்த்திப் பேச வராது. காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னாலும் அது கப்பல்துறை வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். ஆலைச் சங்குக்குப் போட்டியாகப் பிறந்தவன் என்று யாரோ சொல்லப்போக அதுவே பெயராக நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

"பல்லுக்காரக்கா! வெளியே வா! இன்னிக்கு ஒருத்தன் மாட்டியிருக்கான்!"

அவள் அப்போது ஒரு திருக்கைப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பல்லைப் பிசினில் பதித்து, வாளால் மெல்லிய சீவலாக அறுத்து, அந்தச் சீவலை ஈர உப்புத்தாளில் வைத்து விரல்நுனியால் தேய்க்க வேண்டும். விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். அப்போதுதான் மேலே கண்ணாடிபோல் இறுகிய ஓடு எது, உள்ளே வளர்ந்த தந்தம் எது, எந்த மாதத்தில் எவ்வளவு வளர்ந்தது என்பதெல்லாம் தெரியும். இரண்டு தேய்ப்புக் கூடினால் மூன்று நாள் வேலை மாவாகிவிடும். பதினோரு வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. துறைமுகத்தில் எல்லோருக்கும் அவள் பல்லுக்காரி. டாக்டரா என்று கேட்பவர்களிடம், "மனுஷப் பல்லு எனக்குத் தெரியாது, சுறாவுக்கு வலிச்சா கூட்டிட்டு வாங்க" என்பாள். அப்படி அவள் கடைசியாகக் கேலி பேசி ஆறு நாள் ஆகிறது.

ஆறு நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, அவள் கணவனும் கொழுந்தனும் படகில் போனார்கள். படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. தம்பிக்காரன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுநுனியில் ஒரு மிதவையையும் கட்டிவிட்டு, கத்தியோடு தண்ணீருக்குள் இறங்கினான். அவன் மேலே வரவில்லை. மிதவை மட்டும் அறுந்த கயிற்றோடு வந்தது. அந்த மிதவையில் ஒரு சுறாப் பல் குத்தி நின்றது. அண்ணன் ஒருவனாகக் கரைக்குத் திரும்பினான்.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். அன்றிலிருந்து சங்கு வீட்டில் படுக்கவில்லை. போனவனின் மனைவி அவனுக்குக் கூடப்பிறந்த தங்கை.

பின்பக்கச் சிமெண்டுத் தரையில் சுறா கிடந்தது. ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். வெயில் இல்லை. இரண்டு நாளாகவே வானம் மூடிக்கிடந்தது, காற்று ஒரு பக்கமாக வந்து நின்று நின்று அடித்தது.

சங்கு கம்பியால் வாயைத் தூக்கினான். "பாருக்கா. மேல் வரிசை, இடது பக்கம். ஒரு பல்லு இல்ல. இவன்தான்."

அவள் குந்தி உட்கார்ந்தாள். தாடைக்குள் விரலை விட்டு ஈறு மடிப்பைப் பின்னால் தள்ளினாள். உள்ளே படுத்தவாக்கில் அடுத்த பல், அதற்குப் பின்னால் அடுத்தது, அதற்கும் பின்னால் இன்னும் இறுகாத, நகம் பட்டால் நசுங்குகிற பல்.

"முன்னால நிக்கிறது விழுந்தா, பின்னால இருக்கறது எழுந்து வந்து நிக்கும். பஸ்ஸுக்கு நிக்கிற வரிசை மாதிரிதான். ஒரு வாரம், மிஞ்சிப் போனா பத்து நாள். பல்லு விழாத சுறாவே கடல்ல கிடையாதுப்பா. இது ஒரு அடையாளமே இல்ல."

"அப்ப கண்டுபிடிக்கவே முடியாதா?"

"பல்லை வச்சு முடியாது."

"வயித்தை வச்சு முடியுமில்ல," என்று அவன் கத்தியை எடுத்தான்.

எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வயிற்றிலிருந்து மீன் முட்களும், பாதி கரைந்த கணவாயும், கடைசியாக ஒரு ரப்பர் செருப்பும் வந்தன. நீலச் செருப்பு. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அளவு. நாலு வயசுக் குழந்தையுடையதாக இருக்கும். அந்தத் துறையில் எந்தக் குழந்தையும் காணாமல் போகவில்லை. எங்கிருந்து வந்ததோ என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சங்கு அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, என்ன செய்வதென்று தெரியாமல் சுவர் ஓரமாக வைத்தான்.

பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு காகித உறையை எடுத்து நீட்டினான்.

"துறைமுக ஆபீசுல குடுத்தாங்க. மிதவையில இருந்த பல்லு. நீ பார்த்து, சுறாதான் அடிச்சிருக்குன்னு எழுதிக் குடுத்தா, ஆள் இறந்துட்டதாப் பதிவு பண்ணுவாங்களாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுக்கா. நாளைக்கு விடிஞ்சதும் அந்தச் சுறாவைப் பிடிக்க எட்டுப் படகு கிளம்புது."

"நாளைக்கா? சிவப்புக் கொடி ஏத்தியிருக்காங்களே."

"கொடியா வந்து என் தங்கச்சிக்குப் பதில் சொல்லும்? ஒரு துண்டாவது கிடைச்சா மண்ணுல போட்டுட்டு அவ ஒரு வாய் சோறு தின்னுவா. மத்த படகுக்காரங்க ரெண்டு மனசா இருக்காங்க. சுறாவே வராத இடமாச்சேன்னு இழுக்கறாங்க. உன் கடிதாசியப் பார்த்தா ஒருத்தனும் மறுக்கமாட்டான்."

அவள் உறையை வாங்கிக்கொண்டாள். கை மீன் கவிச்சியாக இருந்ததால் இரண்டு விரலால் நுனியைப் பிடித்து வாங்கினாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள். முன்னறை, சமையலறை, அண்ணனுக்கு ஒரு அறை, தம்பிக்கு ஒரு அறை. நடுவில் இருந்த சுவர் பலகைச் சுவர்தான். தம்பி அறையில் சிரித்தால் இந்தப் பக்கம் கேட்கும். இப்போது ஆறு நாளாக அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகைச் சத்தம் கூட இல்லை.

கணவன் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒரு இரும்பு மரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். காலையில் அவள் கிளம்பும்போதும் அதே மரையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்து கண் உள்ளே போய்விட்டது. அவளைக் கண்டதும் எழுந்தான்.

"பல்லு வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க."

"பார்த்தியா?"

"இனிமேதான் பார்க்கணும்."

"சுறாதானே?"

இந்த ஒரு கேள்வியை அவன் எத்தனை தரம் கேட்டிருப்பான் என்று கணக்கே இல்லை. சாப்பிடுங்க என்றால் சுறாதானே என்பான். படுங்க என்றாலும் சுறாதானே என்பான். தம்பியைப் பறிகொடுத்தவனுக்குப் புத்தி ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் கேட்கும்போது அவன் முகத்தில் துக்கத்தைவிட வேறு ஏதோ ஒன்று முந்திக்கொண்டு நின்றது. அது அவளுக்குப் பிடிபடவில்லை.

"தட்டுல சோறு ஆறுது. உக்காந்து பேசுங்க," என்றாள் மாமியார். அந்த வீட்டில் இப்போது நிமிர்ந்து நடமாடுகிற ஒரே ஆள் அவள்தான். மகனைப் பறிகொடுத்த மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கும் வேலை ஆராய்ச்சிக்கூடத்தில்தான். சுறாத் தொட்டிக் கொட்டகையைக் கூட்டிக் கழுவுவது. மருமகள் சிபாரிசில் கிடைத்த வேலை. "எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரும்மா. கண்ணால பார்த்தாலே தெரியுது சுறாப் பல்லுன்னு. அதுக்கு எதுக்கு மிஷினும் மண்ணாங்கட்டியும்?"

"பார்க்காம எப்படி அத்தை கையெழுத்துப் போடறது?"

"உன்னை யாரு பார்க்கவேண்டாம்னா? சட்டுனு முடின்னுதான் சொல்றேன்."

தம்பியின் மனைவி சின்னவள் பலகைச் சுவரோரம் வந்து நின்றாள். இந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம். அன்று காலை கணவன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டையை இன்னும் துவைக்கவில்லை, தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"அது கடிச்சா உடனே உயிர் போயிடுமா? இல்ல ரொம்ப நேரம் தெரியுமா?"

மரையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"உடனே போயிடும்மா," என்றாள் பல்லுக்காரி. உண்மையில் அவளுக்குத் தெரியாது. சுறாவின் பல் எத்தனை நாளில் இறுகும் என்று கேட்டால் சொல்லியிருப்பாள்.

ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பியதும் அவள் உறையைப் பிரித்தாள். பல்லை வெள்ளைத் தட்டில் கொட்டினாள். முக்கோணப் பல், ஓரமெல்லாம் அரம்போல நுண்ணிய வெட்டு. நுனியில் மிதவையின் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தது. சுறாதான், இதில் சந்தேகமே இல்லை. அளவெடுத்தாள். கொஞ்சம் சின்னதாக இருந்தது. இவ்வளவு சின்னப் பல் உள்ள சுறா ஒரு ஆளை இழுத்துக்கொண்டு போகுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். சரி, வாயின் கோடியில் இருக்கிற பல் சின்னதாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால் எந்தப் பல் வந்தாலும் தட்டு, அளவுகோல், பூதக்கண்ணாடி, விளக்கறை என்று நாலு படி ஏறித்தான் இறங்க வேண்டும் என்பது அவள் கைக்குப் பழகிய ஒழுங்கு. கூடத்துக்குத் தலைவரான பேராசிரியர் வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போயிருக்கிற நாளிலும் அவள் அதை மாற்றியதில்லை. கால் தானாக விளக்கறைக்குப் போனது. கதவைச் சாத்தி, ஊதா விளக்கைப் போட்டாள்.

பல்லின் அடியில், வேர்ப்பக்கம், பச்சையாக ஒரு கோடு எரிந்தது.

விளக்கை அணைத்தாள். மறுபடி போட்டாள். கோடு இருந்தது. ஒன்றல்ல, ஒன்றுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொன்றும்.

நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தாள்.

அந்தக் கோடு கடலில் கிடைக்காது. கொட்டகைத் தொட்டியில் மூன்று சுறாக்கள் இருந்தன. பல் எத்தனை நாளில் வளர்கிறது, எத்தனை நாளில் விழுகிறது என்று கணக்குப் பார்ப்பதற்காக அவற்றுக்கு ஒரு சாய மருந்தை ஊசியில் ஏற்றியிருந்தார்கள். ஊசி போட்ட வாரத்தில் ஈறுக்குள் எந்தெந்தப் பல் வளர்ந்துகொண்டிருந்ததோ அதிலெல்லாம் அந்தச் சாயம் படிந்துவிடும். சாதாரண வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஊதா விளக்கில்தான் பச்சையாகத் தெரியும். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு தரம், ஆறு வாரம் கழித்து ஒரு தரம். இரண்டு ஊசியையும் போட்டது அவள்தான். உலகத்திலேயே அந்த மூன்று வாய்களுக்குள் மட்டும்தான் இப்படிப் பல் உண்டு.

தொட்டியில் விழுகிற பல்லைத் தினமும் காலையில் வலைக்கரண்டியால் அள்ளி, தேதி போட்ட டப்பாவில் போட்டு வைப்பார்கள். அவள் அலமாரியைத் திறந்தாள். புதன்கிழமை டப்பாவில் நாலு பல். வெள்ளிக்கிழமை மூன்று. வியாழக்கிழமை டப்பா காலி.

அவளுக்கு முதலில் நினைப்பு ஓடியது கணவனிடம்தான். கொட்டகைப் பம்பு மக்கர் செய்தால் வந்து பார்ப்பவன் அவன். பம்பின் சல்லடையில் எப்போதும் நாலு பல் சிக்கிக்கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து வைத்திருந்தால்? மிதவையில் அவனே குத்தியிருந்தால்? பச்சைக் கோட்டைப் பற்றி அவனுக்கு எப்படித் தெரியும்? ஒருவன் இப்படி ஏன் செய்வான் என்று யோசிக்க ஆரம்பித்ததும் அவளுக்கு மேலே யோசிக்கப் பயமாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவன்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவன் படகு மேட்டில் இருந்தான். படகைக் கரையில் ஏற்றிக் கட்டையில் நிறுத்தியிருந்தார்கள். அவன் படகுக்கு அடியில் விசிறிக்கு நேரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பித்தளை இதழ்கள். ஒன்றின் ஓரத்தில் நைலான் நூல் இன்னும் உருகி ஒட்டியிருந்தது.

அவள் குனிந்து உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அன்னிக்கு என்ன நடந்துச்சு? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"சுறாதானே?" என்றான் அவன்.

"நடந்ததச் சொல்லுங்க முதல்ல."

அவன் இதழில் ஒட்டியிருந்த நூலை நகத்தால் சுரண்டினான். பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

"எப்பவும் ஒரு வழக்கம் இருக்கு. அவன் கீழ வலைய அறுத்து முடிச்சா, பலகையில ரெண்டு தட்டுத் தட்டிட்டு விலகிடுவான். நான் இஞ்சினை ஒரு சுத்து விட்டு, மிச்சம் இருக்கறத உதறிவிடுவேன். சின்ன வயசுலேருந்து அப்படித்தான். அன்னிக்கும் ரெண்டு தட்டு கேட்டுச்சு. டொக் டொக்குனு. நான் போட்டேன்."

"ம்."

"போட்டதுக்கப்புறம் பார்த்தா தண்ணி டப்பா ஒண்ணு அலையில ஆடி ஆடிப் பலகையில இடிக்குது. டொக் டொக். டொக் டொக். அதே சத்தம்." அவன் தன் காதைப் பொத்திக்கொண்டான். "நாலு தரம் குதிச்சேன். தண்ணி பூரா சேறு, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. கயிறு அறுந்து மிதவை வந்துச்சு. என் தம்பிய நானே அரைச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து... விடு. அப்புறம் அம்மாதான் மிதவையத் திருப்பிக் காட்டுச்சு. பல்லு! நான் கவனிக்கவே இல்ல பாரு. படகுல அத்தனை நேரம் கையில வச்சிருந்தும் என் கண்ணு அவிஞ்சு போச்சு. அப்ப சுறா வந்திருக்கு. நான் இஞ்சின் போடறதுக்கு முன்னாலயே வந்து எடுத்துட்டுப் போயிருக்கு. நான் இல்ல. நான் இல்லதானே?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் அவளுக்குப் பிடிபடாத அந்த ஏதோ ஒன்று இப்போது பிடிபட்டது. அவன் அந்த ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு நாளாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"பார்த்துட்டுச் சொல்றேங்க," என்று கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். படகின் அடிக்கட்டையில் தலை இடித்தது கூட உறைக்கவில்லை.

கொட்டகையில் மாமியார் சுறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். தொட்டித் தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. மூன்றும் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வந்தன. அவை நின்று அவள் பார்த்ததே இல்லை.

"அத்தை, வியாழக்கிழமை டப்பா காலியா இருக்கே."

"அன்னிக்கு ஒண்ணும் விழல."

"நீங்க வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. ஒருநாள்கூட விழாம இருந்ததில்ல."

"விழலன்னா நான் போய்ப் பிடுங்கியா போட முடியும்?"

"அத்தை. ஊதா விளக்குல அந்தப் பல்லுல பச்சைக் கோடு தெரியுது. இந்த மூணுக்கும் நான் போட்ட ஊசியோட சாயம் அது. கடல் சுறாவுக்கு அது வராது."

மாமியார் கையிலிருந்த மீனைத் தொட்டியில் போடாமல் வாளியில் திருப்பிப் போட்டாள். வாளி ஓரத்தில் கையைத் துடைத்தாள்.

"ஊசி உடம்புல போட்டா பல்லுலயா தெரியும்?"

"உள்ள வளர்ந்துக்கிட்டிருக்கற பல்லுல தெரியும்."

"எனக்கு அதை ஒருத்தரும் சொல்லலையே," என்றாள் மாமியார். வேலையைச் சரியாகச் சொல்லித்தராத முதலாளியைக் குறை சொல்கிற தோரணையில்தான் சொன்னாள். அடுத்த நிமிஷம் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்குப் பொழுது ஏற வீட்டுக்குப் போனேன். டப்பா அடுக்கற அறை பூட்டியிருந்துச்சு, அள்ளின பல்லை முந்தானையில முடிஞ்சுக்கிட்டே போயிட்டேன். வீட்டுல யாரும் இல்ல. பின்னால சாமான் கொட்டகையில சத்தம் கேட்டுது. எட்டிப் பார்த்தா எம்புள்ள டின் மேல ஏறி நிக்கறான். உத்தரத்துல கயிறு. என்ன கயிறு தெரியுமா? தம்பிக்காரன் இடுப்புல கட்டியிருந்தானே, அந்தக் கயிறு."

பல்லுக்காரி அவள் எதிரே ஈரத் தரையில் குந்தினாள்.

"காலைக் கட்டிக்கிட்டேன். நான்தாம்மா கொன்னேன், நான்தாம்மா கொன்னேன்னு அதையே சொல்றான். எறங்க மாட்டேங்கறான். எனக்கு எவ்வளவு பலம் இருக்கும், நான் எத்தனை நேரம் பிடிப்பேன்? மிதவை கீழ கிடந்துச்சு. ஒரு கையால அவன் காலைப் பிடிச்சுக்கிட்டே முந்தானை முடிச்ச அவுத்து, ஒரு பல்லை அதுல குத்தினேன். பாருடா, குருட்டுப் பயலே, உன் தம்பிய எது கொண்டுபோச்சுன்னு கண்ணத் தொறந்து பாருடான்னேன். பார்த்தான். குழந்தை மாதிரி எறங்கி வந்துட்டான்." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் ஒரு கீறல் கறுத்துக் கிடந்தது. "மிச்சப் பல்லக் கிணத்துல போட்டேன்."

"சங்கு எட்டுப் படகோட கிளம்பறான் அத்தை. கடல் கெட்ட கேட்டுக்கு. இல்லாத சுறாவத் தேடி. என் கடிதாசிய நம்பித்தான் மத்தவங்க போறாங்க."

"போகட்டும். கடல்லயே கிடக்கறவங்க. திரும்பி வருவாங்க."

"வரலன்னா?"

"அது அவங்கவங்க பெத்தவங்க கவலை." சொல்லிவிட்டு மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இருந்தது ரெண்டு. ஒண்ணு போயிடுச்சு. இந்த ஒண்ணத் தவிர வேற எதுவும் இப்ப என் மண்டையில ஏறாதும்மா. நீ வேற மாதிரி எழுதினா அன்னிக்கே அவன் மறுபடி டின் மேல ஏறுவான். உன் புருஷன். நல்லா யோசிச்சுக்க."

அவள் நல்லாத்தான் யோசித்தாள். மேஜையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்தாள். எட்டுப் படகில் முப்பது பேராவது போவார்கள். ஆனால் அந்த முப்பது பேருக்கும் ஏதாவது ஆகலாம், ஆகாமலும் போகலாம். இங்கே உத்தரம் இருக்கிறது, டின் இருக்கிறது, அவன் இருக்கிறான். கடைசியில் பேனாவை எடுத்து, "மிதவையில் கிடைத்தது சுறாவின் பல் என்று உறுதிப்படுத்துகிறேன்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொய் ஒரு எழுத்துக் கூட இல்லை. பதினோரு வருஷத்தில் அவள் எழுதிய அத்தனை அறிக்கைகளிலும் இதைவிட அசிங்கமானது வேறு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

சங்கு கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினான்.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். "சுறாதாங்க."

"நிஜமா?"

"நானே எழுதிக் குடுத்துட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. ஆறு நாளில் முதல் தரமாக அழுதான். அழுது முடித்து முகம் கழுவி வந்து, சோறு போடச் சொன்னான். இரண்டு தட்டுச் சாப்பிட்டான். முகத்தைச் சிரைத்தான். பாயில் விழுந்ததும் குறட்டை விட்டான். மாமியார் வாசற்படியில் நின்று அந்தக் குறட்டையைக் கேட்டுவிட்டு, மருமகளின் தலையை ஒரு தரம் தடவிவிட்டுப் போனாள். செய்தது சரிதான் போலிருக்கிறது என்று பல்லுக்காரியும் கண் அயர்ந்தாள்.

விடிந்து எழுந்தபோது பாயில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. கொடியில் கிடந்த அவன் மழைக்கோட்டைக் காணோம்.

அவள் செருப்புக் கூடப் போடாமல் ஓடினாள்.

படகுத்துறையில் எட்டு இஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன. புகை மேலே போகாமல் தண்ணீரோடு படிந்து கிடந்தது. அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால் கடல் வெள்ளை வெள்ளையாக எழுந்து விழுந்தது. முதல் படகில் சங்கு கொக்கிச் சங்கிலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில், சிரைத்த முகத்தோடு, ஆறு நாளாகக் கூனிப்போயிருந்த முதுகை நிமிர்த்திக்கொண்டு அவள் கணவன் நின்றான்.

மாமியார் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். கயிறு கட்டும் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போகாதடா! நீ போகவேண்டாம்டா! அவங்க போகட்டும்!"

"நான் போகாம யாரும்மா போறது? என் தம்பிய எடுத்த சுறா. எந்த இடம்னு எனக்குத்தான் தெரியும். அதோட வயித்தக் கிழிச்சு அவன எடுத்துட்டு வரேன். நீ அழாத."

"வேண்டாம்டா, சொன்னாக் கேளுடா..." சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள், மருமகளைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

கயிறு அவிழ்ந்தது. படகு துறையை விட்டு நகர்ந்தது.

பல்லுக்காரி துறையின் விளிம்புக்கே ஓடினாள். "என்னங்க! போகாதீங்க! கடல் சுறா இல்லைங்க அது! நம்ம தொட்டிச் சுறாவோட பல்லு! தொட்டியில விழுந்த பல்லுங்க!"

எட்டு இஞ்சின் சத்தம். காற்று வேறு அவள் முகத்தில் அடித்துப் பேச்சைப் பின்னால் தள்ளியது. அவன் காதோரம் கையை வைத்துக் கேட்டுப் பார்த்தான். கேட்கவில்லை என்று தலையாட்டினான். பத்திரமாக வா என்று சொல்கிறாள் என நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே கையை உயர்த்திக் காட்டினான். அவள் மறுபடி கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். படகு தடுப்புச் சுவரைத் தாண்டியது. முதல் அலை அதை நிமிர்த்திப் பிடித்து, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் இறக்கியது. அதற்குப் பின்னால் மற்ற ஏழும் வரிசையாகப் போயின.

சத்தம் குறைந்தபோது தனக்குப் பின்னால் யாரோ நிற்பது அவளுக்குத் தெரிந்தது. சின்னவள். தன் அண்ணன் சங்குவுக்குச் சோற்று டப்பா கொண்டுவந்து, நேரமாகிவிட்டதால் அதைக் கொடுக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காற்று பல்லுக்காரியின் குரலை அந்தப் பக்கம்தான் கொண்டுபோயிருந்தது.

"தொட்டியில விழுந்த பல்லா?" என்றாள் சின்னவள்.

கம்பத்தருகே மாமியார் எழுந்தாள்.

"தொட்டியில விழுந்தது எப்படிக்கா மிதவைக்கு வந்துச்சு? அப்ப அவர எதுதான் கொண்டுபோச்சு?"

மாமியார் தடுமாறி நடந்து வந்து, மருமகளின் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுவந்தாள். பல்லுக்காரி அந்தக் கையைப் பிடித்தாள். அதை விடாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் சின்னவளிடமிருந்து சோற்று டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள்.

"உக்காரும்மா," என்றாள். "உக்காரு. சொல்றேன்."